ஊசிக்குப் பின் வந்த பழுப்புக் கோடு: சிலந்தி நரம்பு சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கால் நரம்புகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் நான். இங்கே எழுதியிருப்பது ஒரே ஒருவருடைய பதினொரு மாதக் கதை. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பெரிய ஆபத்து எதுவும் நடக்கவில்லை, முடிவும் நன்றாகவே அமைந்தது. ஆனாலும் நடுவில் சில வாரங்கள் அவர் தேவையில்லாமல் வேதனைப்பட்டார். அதில் பெரும்பகுதியை முதல் நாளே, சரியாகப் பேசியிருந்தால், என்னால் தவிர்த்திருக்க முடியும். அதனால்தான் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 41. ஆசிரியர், நாளில் ஐந்தாறு மணி நேரம் நின்றபடி வேலை. இரண்டு பிரசவம். இரண்டாவது கர்ப்பத்தின்போது இடது தொடையின் வெளிப்பக்கத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள் தோன்றின. குழந்தை பிறந்த பிறகு கொஞ்சம் மங்கின, முழுதாகப் போகவில்லை. பத்து வருடத்தில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. வலது முழங்காலின் உள்பக்கத்தில் விசிறி விரித்தது போல இன்னொரு கூட்டம் வந்தது. மாலையில் இரண்டு காலும் கனமாக இருக்கும் என்றார்.

அவருடைய அம்மாவுக்கு வெரிகோஸ் நரம்பு இருந்தது. கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் வந்து நெடுநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தனக்கும் அதே நிலை வரப்போகிறது என்ற பயம் இவருக்குள் இருந்தது. அதை முதலில் சொல்லவில்லை. முதலில் சொன்னது வேறு: பெரியவர்களுக்கான நீச்சல் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறார், இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, அதற்குள் கால் "சுத்தமாக" வேண்டும்.

"ஒரே சிட்டிங்கில் போய்விடும்தானே டாக்டர்?" என்று கேட்டார்.

முதல் நாள் பார்த்தது

கால் நரம்பைப் படுக்க வைத்துப் பார்க்கக் கூடாது, நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். படுத்தால் ரத்தம் வடிந்து பாதி மறைந்துவிடும். நிற்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்தோம். இந்தப் படங்கள் பின்னால் எவ்வளவு உதவப்போகின்றன என்று அப்போது தெரியாது.

இடது தொடையில் இருந்த சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலில் வலை போலத் தெரியும் இந்த மெல்லிய ரத்தக் குழாய்களைத்தான் சிலந்தி நரம்பு என்கிறோம். அவற்றுக்குக் கீழே, முழங்காலின் வெளிப்பக்கத்திலிருந்து நீலப்பச்சை நிறத்தில் ஒரு நரம்பு மேலேறி வந்து அந்தக் கூட்டத்தில் முடிந்தது. அது சுமார் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். இப்படி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை இருப்பவற்றை ரெட்டிக்குலர் நரம்பு என்கிறோம். மூன்றைத் தாண்டிப் புடைத்தால் வெரிகோஸ். பல நேரங்களில் சிலந்தி நரம்புக்கு ரத்தத்தைத் தள்ளுவது இந்த நீல நரம்புதான். அதை விட்டுவிட்டு மேலே தெரியும் சிவப்பை மட்டும் அடைத்தால், குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலாகிவிடும்.

வலது முழங்காலில் அப்படி ஊட்டும் நரம்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சிவப்பு இழைகள் மட்டும் இருந்தன. கணுக்காலைக் கவனமாகப் பார்த்தேன். கணுக்காலின் உள்பக்கம் விசிறி போலச் சிறு நரம்புகள் நெருக்கமாகத் தெரிந்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல, உள்ளே பெரிய சிரைகளில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில்) கோளாறு இருக்கலாம் என்பதற்கான அடையாளம். இவருக்கு அது இல்லை. வீக்கம் இல்லை, தோல் கறுக்கவில்லை, பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைத்தது.

சிலந்தி நரம்பு மட்டும் உள்ள எல்லோருக்கும், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவைப்படாது. இவருக்குக் கால் கனமும் அம்மாவின் புண்ணும் இருந்ததால் எடுத்தேன். நிற்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தி விடும்போது, மேலோட்டமான சிரையில் ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கித் திரும்பினால் வால்வு பழுது என்று பொருள். இரண்டு காலிலும் பெரிய சிரைகளின் வால்வுகள் ஒழுங்காக மூடின.

இதைச் சொன்னபோதுதான் அம்மாவின் புண்ணைப் பற்றிய பயத்தை முழுதாகச் சொன்னார். இப்போது தெரியும் சிலந்தி நரம்பு அப்படிப் புண்ணாக மாறாது, பெரிய சிரைகள் இன்று நன்றாக இருக்கின்றன, பிற்காலத்தில் கால் வீங்கினாலோ தோல் நிறம் மாறினாலோ மறுபடி பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். ஒருவேளை அந்த அரை மணி நேரம்தான் அவருக்கு நான் செய்த பெரிய உதவி.

"நரம்பு" என்ற சொல்

இதை மற்ற மருத்துவர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சு வழக்கில் ரத்தம் ஓடும் சிரையையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம். "நரம்பை ஊசி போட்டு அடைக்கப் போகிறோம்" என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அப்புறம் கால் மரத்துப் போகாதா?" என்று கேட்டார். மேலோட்டமாக இருக்கும் இந்தச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டாலும், காலின் ரத்தம் திரும்பிப் போக உள்ளே பெரிய பாதைகள் இருக்கின்றன, உணர்ச்சி நரம்பை நாம் தொடவே போவதில்லை என்று படம் வரைந்து காட்டினேன். கேட்காமல் பயத்தோடு வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேரோ.

எடுத்த முடிவும் காரணமும்

வழிகள் மூன்று: ஒன்றும் செய்யாமல் விடுவது, மருந்தை ஊசியால் செலுத்தி அடைக்கும் ஸ்கிளிரோதெரபி, அல்லது லேசர். ஒன்றும் செய்யாமல் விடுவதும் முழுக்க நியாயமான தேர்வு என்று சொன்னேன். அவர் அதை விரும்பவில்லை.

காலுக்கு நான் முதலில் ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஊட்டும் நரம்பையும் சேர்த்து அடைக்க முடியும் என்பது முக்கியக் காரணம். லேசர் ஊசியை விட வலிக்கும். நிறம் கூடிய தோலில் கொப்புளமும் நிற மாற்றமும் வர வாய்ப்பு அதிகம். ஊசி நுழைய முடியாத அளவு மெல்லிய இழைகளுக்கும், ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் லேசர் நல்லது.

மருந்து போலிடோக்கனால். முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக உருவாக்கப்பட்டது அது. அதனால் அடர் உப்புக் கரைசல் போல எரியாது. ரத்தக் குழாயின் உள்சுவரை அது புண்ணாக்கும். சுவர்கள் ஒட்டிக்கொண்டு நாராக மாறும். பிறகு உடம்பே அதை மெல்லக் கரைத்துவிடும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் நாள் பிடிக்கும். சிலந்தி நரம்புக்கு மூன்று முதல் ஆறு வாரம், நீல நரம்புக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகும்.

ஏழு வாரத்தில் போட்டி. கணக்குப் போட்டாலே இடிக்கிறது. போட்டி முடிந்த பிறகு தொடங்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். அவர் வற்புறுத்தினார், நான் சம்மதித்தேன். இது என் முதல் தவறு. சரியாகும் முன் சில வாரங்கள் மோசமாகத் தெரியும் என்று சொன்னேன், ஆனால் எவ்வளவு மோசமாக, என்ன நிறத்தில், எத்தனை மாதத்துக்கு என்று சொல்லவில்லை. "லேசான நிற மாற்றம் வரலாம்" என்று படிவத்தில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

"தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு இல்லை என்றார். கர்ப்பம் இல்லை, பாலூட்டவில்லை, முன்பு ரத்தக் கட்டு வந்ததில்லை, ஒவ்வாமை இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் ஊசியைத் தள்ளிப் போட்டிருப்பேன், அல்லது போட்டிருக்கவே மாட்டேன்.

சிகிச்சை நாள்

சுமார் 40 நிமிடம் ஆனது. படுக்க வைத்து, தோலைத் துடைத்து, முடியைப் போல மெல்லிய 30 கேஜ் ஊசியால் முதலில் இடது தொடையின் நீல நரம்புக்கு 1 சதவீத மருந்து, அப்புறம் சிவப்புக் கோடுகளுக்கு 0.5 சதவீத மருந்து. ஓர் இடத்துக்கு 0.1 முதல் 0.3 மில்லிலிட்டர் வரை. மருந்து போகும்போது சிவப்பு மறைந்து வெளுக்கும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "போயிடுச்சே!" என்றார். இல்லை, சில நிமிடத்தில் திரும்பி வரும் என்றேன். குத்தும் வலி எறும்புக் கடி போல இருந்ததாகவும், ஒன்றிரண்டு இடத்தில் லேசாக இழுத்துப் பிடித்ததாகவும் சொன்னார்.

நேரம் மிச்சமிருந்தது. வலது முழங்காலையும் அன்றே முடித்துவிடலாம் என்று தோன்றியது. அங்கேயும் அதே 0.5 சதவீத மருந்தையே செலுத்தினேன். இழைகள் மிக மெல்லியவை என்பதால் மருந்து சுலபமாக இறங்கவில்லை, கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். இது இரண்டாவது தவறு. ஊட்டும் நரம்பைத் தேடாமல், தேவைக்கு மேல் அடர்த்தியான மருந்தை, தேவைக்கு மேல் அழுத்தத்தில் கொடுத்தேன். அதுவும் முழங்காலின் உள்பக்கத்தில். புது இழைகள் முளைக்கும் தொல்லை அதிகம் வரும் இடம் அது.

முடித்ததும் அழுத்தக் காலுறை போட்டுவிட்டு அரை மணி நேரம் நடக்கச் சொன்னோம். முதல் இரவு முழுவதும் காலுறை இருக்க வேண்டும், அப்புறம் இரண்டு வாரம் பகலில் மட்டும். தினமும் நடக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டி, வெயில், எடை தூக்குவது, நீச்சல் எல்லாம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஊசி போட்ட இடம் கொப்புளமாகிக் கறுத்தாலோ உடனே வர வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். ஊசி போட்ட இடங்களில் கன்றிப் போயிருக்கிறது, அரிக்கிறது என்றார். எதிர்பார்த்ததுதான், கன்றல் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும்.

பதினான்காம் நாள் வந்தபோது இடது தொடையில் நீல நரம்பு இருந்த தடத்தில் கறுப்பாக, தொட்டால் வலிக்கும் கயிறு போல ஒரு தடிப்பு. ரத்தக் கட்டு நுரையீரலுக்குப் போய்விடும் என்று எங்கேயோ படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. ஸ்கேனில் ஆழ்சிரைகளில் கட்டு எதுவும் இல்லை. தடிப்பு என்பது அடைபட்ட குழாய்க்குள் மாட்டிக்கொண்ட பழைய ரத்தம். ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் துளையிட்டு அழுத்தியதும் கரும்பழுப்பாக வெளியே வந்தது. வலி அங்கேயே குறைந்தது. இதை வெளியேற்றாமல் விட்டால் தோலில் கறை படியும் வாய்ப்பு கூடும்.

அப்போது பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். ஐந்தாம் நாளே காலுறையைக் கழற்றிவிட்டு நீச்சல் பயிற்சிக்குப் போயிருக்கிறார். கோபப்படுவதில் அர்த்தமில்லை. போட்டிக்குத் தயாராகும் ஒருவரிடம் இரண்டு வாரம் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆறாவது வாரம்

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு வந்தார். இடது தொடையில் சிவப்பு வலை ஏறக்குறைய முழுதும் மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக நீல நரம்பு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு, ஒரு சாண் நீளம். வலது முழங்காலில் நிலைமை இன்னும் மோசம். பழைய இழைகளைச் சுற்றி, முன்பு இல்லாத மிக மெல்லிய இளஞ்சிவப்பு இழைகள் சிராய்ப்புப் போல் படர்ந்திருந்தன.

"முன்னாடியே நல்லா இருந்துச்சு டாக்டர். நான் வந்திருக்கவே கூடாது" என்று அழுதார்.

பழுப்புக் கோடு என்பது குழாயிலிருந்து கசிந்த ரத்த அணுக்களின் இரும்புச் சத்து தோலில் படிவது. ஊசி போட்டவர்களில் 10 முதல் 30 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் மங்கிவிடும், மிகச் சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். இளஞ்சிவப்பு இழைகள் படர்வதை மேட்டிங் என்கிறோம். அடைத்த இடத்தைச் சுற்றிப் புது நுண்குழாய்கள் முளைப்பதால் வருவது. இதுவும் பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்தில் தானாகவே அடங்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால் மறுபடி கேட்டேன்: "ஹார்மோன் மாத்திரை ஏதாவது?"

"அது மாத்திரைக் கணக்கா? மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்று ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன்."

ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை. மேட்டிங்குக்கு மட்டுமல்ல, ஆழ்சிரையில் ரத்தம் உறையும் ஆபத்துக்கும் அது தொடர்புடையது. ஊசி போடும் முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவர் மறைக்கவில்லை. நோய்க்குச் சாப்பிடுவதுதான் மருந்து என்பது அவர் எண்ணம். என் கேள்விதான் சரியில்லை. அன்றே மீண்டும் ஸ்கேன் பார்த்தேன், ஆழ்சிரைகள் சுத்தமாக இருந்தன. அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் பேசினேன். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு சிகிச்சைக்கு மாற்றினார்.

வலது முழங்காலுக்கு உடனே லேசர் வைக்கும்படி கேட்டார். மறுத்தேன். ஏற்கனவே சீண்டப்பட்ட தோல் அது. அதை மறுபடி சுட்டால் மேட்டிங் இன்னும் பரவலாம், போட்டிக்குள் கொப்புளமும் வரலாம். முதல் நாள் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இடது தொடை எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். தினமும் பார்க்கும் கண்ணுக்குப் புதுக் கறை மட்டுமே தெரியும், போனது தெரியாது.

என் பங்கையும் சொன்னேன்: இதற்கு இன்னும் நேரம் வேண்டும் என்று தெரிந்தும் தொடங்கினேன், வலது முழங்காலை அன்று தொட்டிருக்கக் கூடாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, எவ்வளவு நாள்னு இப்பவாவது சரியாச் சொல்லுங்க" என்றார். பழுப்புக் கோட்டுக்கு ஒரு வருடம் வரை, முழங்காலுக்கு ஆறு மாதமாவது என்று எழுதியே கொடுத்தேன்.

முழங்கால் வரை நீளும் நீச்சலுடை போட்டுப் போட்டியில் கலந்துகொண்டார்.

காத்திருந்த மாதங்கள்

இரண்டாவது மாதம் முதல் ஐந்தாவது மாதம் வரை ஊசி எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே இடத்தில் நின்று படம் எடுத்தோம். வெயிலில் அந்த இடத்தை மூடி வைக்கச் சொன்னேன். நின்று வேலை செய்யும் நாட்களில் காலுறையைத் தொடர்ந்து போட்டார், இடைவேளையில் நடந்தார். கால் கனம் குறைந்தது என்றார். அது ஊசியால் வந்த பலன் என்று நான் சொல்ல மாட்டேன். காலுறையும் நடையும் தந்ததாகத்தான் நினைக்கிறேன். சிலந்தி நரம்பை அடைத்தால் எல்லாக் கால் வலியும் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஐந்தாவது மாத முடிவில் பழுப்புக் கோடு பாதிக்கு மேல் மங்கியிருந்தது. முழங்காலின் இளஞ்சிவப்பும் தணிந்து வந்தது.

இரண்டாவது சிட்டிங்கும் முடிவும்

இந்த முறை வலது முழங்கால் மட்டும். தோலில் வைத்தால் அடியில் உள்ள நரம்பை நிழல் போலக் காட்டும் விளக்கு ஒன்று உண்டு. அதை வைத்துத் தேடியபோது முழங்காலின் பின்புறத்திலிருந்து மெல்லிய நீல நரம்பு ஒன்று அந்தக் கூட்டத்துக்குள் வருவது தெரிந்தது. முதல் நாளும் அது அங்கேதான் இருந்திருக்கும். அதற்குத் தேவையான அளவு மருந்து கொடுத்தேன். சிவப்பு இழைகளில் நான்கைந்துக்கு மட்டும், 0.25 சதவீதத்தில், அழுத்தாமல் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். இந்த முறை இரண்டு வாரமும் காலுறையை அவர் கழற்றவில்லை.

பதினொன்றாவது மாதம். இடது தொடை தெளிவு. பழுப்புக் கோட்டில் ஒரு நக நீளம் மட்டும் மிச்சம், அதுவும் எங்கே என்று தெரிந்தால்தான் தெரியும். வலது முழங்காலில் மேட்டிங் போய்விட்டது. பழைய இழைகளில் நான்கில் ஒரு பங்கு இருக்கலாம். அவருக்கு அது போதும் என்றார். இடது கெண்டைக்காலில் புதிதாக இரண்டு மூன்று இழைகள் தெரிந்தன. அடைபட்ட நரம்பு பெரும்பாலும் திரும்பி வராது. ஆனால் வரும் தன்மை உடம்பில் இருப்பதால் புதியவை வந்துகொண்டிருக்கும். அவற்றை விட்டுவிடலாம் என்று அவரே முடிவெடுத்தார்.

இப்போது மாற்றிக்கொண்டவை

தேதி வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம், அந்தத் தேதிக்கு ஆறு மாதமாவது இல்லையென்றால், முடிந்த பிறகு வாருங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். சிலர் வேறு இடம் தேடிப் போகிறார்கள், பரவாயில்லை. முதல் சிட்டிங்கில் ஓரிடம் மட்டும்தான் தொடுகிறேன். அந்தத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. ஊட்டும் நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் விளக்கு வைத்துத் தேடுகிறேன். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கருத்தடை, மாதவிலக்கு, முகப்பரு, மூட்டுவலி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின்கூட இந்த ஊசிக்குப் பிறகு தோலில் கறை படிய வைக்கக்கூடும்.

விளக்கத் தாளையும் புதிதாக எழுதினோம். வரைவை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். "லேசான நிற மாற்றம் வரலாம்" என்ற வரி அதில் அப்படியே இருந்தது. அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: "துருப்பிடித்த கம்பி பட்ட துணியில் இருப்பது போல ஒரு கறை விழலாம். விழுந்தால் பல மாதம் இருக்கும். அந்த மாதங்களில் ஏன் வந்தோம் என்று தோன்றும்." இப்போது அந்த வரியைத்தான் அச்சிடுகிறோம். ஆறாவது வாரத்தில் எடுத்த படத்தையும் அவரே கேட்டுப் பக்கத்தில் சேர்த்தார்.